அரண்மனையில் அருள், அலமாரியில் தீட்டு

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மாவோடு நாள் முழுக்கச் சண்டை பிடித்த என் அண்ணனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. நாங்கள் நலம் என்று எழுத எனக்கு மனமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் பேர் அச்சில் வந்திருக்கிறது, அண்ணே. நம் தெருவில் அச்செழுத்தில் பேர் வந்த முதல் ஆள் நீதான்.

ஆவணி மாதம் ஒரு வேலையாக அரியலூர் டவுனுக்குப் போனேன். யுத்தம் முடிந்துவிட்டது, ஆனால் செந்துறை பஸ் இன்னும் பெட்ரோலுக்குப் பதில் கரியில்தான் ஓடுகிறது. மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறோம். வேலை முடிந்ததும் கால் தானாக, ஊர்ப் பெரியவர்கள் நடத்துகிற சங்கத்துக் காட்சிசாலைப் பக்கம் போயிற்று. நீ வேலை பார்த்தபோது இருந்த மாதிரியேதான் இருக்கிறது. முன்னறையில் பத்திரிகை படிக்கிறவர்கள், பின்னறையில் அலமாரிகள். வாசலில் அதே காவற்காரர் வீராசாமி.

உன் பன்னீர்ச் செம்பு நடுத்தட்டில் இருந்தது. அது என் கண்ணில் முதலில் படவேயில்லை. நீலமாக, பின்னால் கை வைத்தால் கை தெரிகிற கண்ணாடியைத்தான் நான் தேடினேன். அங்கே இருந்தது பால் திரிந்த நிறத்தில் ஒரு பொருள். கழுத்திலிருந்து அடிவரை உள்ளுக்குள்ளேயே விரிசல். மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக. அதன் கீழே அச்சடித்த அட்டை: "மேல அரண்மனை நன்கொடை. முன்னாள் ஊழியர் துரைக்கண்ணு கையாண்டதால் பழுதுபட்டது."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. என்ன எழுதியிருக்கு?" என்று வீராசாமி பின்னால் வந்து கேட்டார். படித்துச் சொன்னேன்.

"அந்தத் தம்பியா? அது பூனைக்குட்டிய அதோட ஆயி தூக்கற மாதிரியில்ல தூக்கும். எவன் எழுதினான் இதை?"

எவன் எழுதினான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தை உனக்கு எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அண்ணே. அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதனால்தான் அந்த அட்டை அங்கே நிற்கிறது.

கல்யாணங்களில் பன்னீர் தெளிக்கிற வெள்ளிச் செம்பு எல்லோரும் பார்த்திருப்பார்கள். குடம் போல வயிறு, நீண்டு ஒடுங்கிய கழுத்து. அதே வடிவத்தில் கண்ணாடியில் ஊதிய இரண்டு செம்புகள் எங்கள் பக்கத்து ஜமீனில் இருந்தன. சீமையில் செய்ததா, வடக்கே செய்ததா, யாருக்கும் தெரியாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மேல அரண்மனைக்கு ஒன்று, கீழ அரண்மனைக்கு ஒன்று என்று இணை பிரிந்தது. மேல அரண்மனைக்காரர் தன் பங்கை, வேறு சில அத்தர்க் குப்பிகளோடும் ஹூக்காக் குடுவையோடும் சேர்த்து, சங்கத்துக் காட்சிசாலைக்குக் கொடுத்தார். கீழ அரண்மனைக்காரர் கொடுக்கவில்லை.

நீ திருச்சியில் இன்டர்மீடியட்டில் ரசாயனம் படித்துவிட்டு வந்த வருஷம் அது. பெரம்பலூரில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகப் போகச் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. காட்சிசாலைக்கு உதவி ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் அங்கே போய் நின்றாய். சங்கத்துச் செயலாளர் ஒரு வக்கீல்; கதர் உடுத்துகிறவர்; மேடைதோறும் நம் சேரி ஜனங்களின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர். உன்னை வேலைக்கு வைத்துக்கொண்டதை அவர் எத்தனை கூட்டத்தில் சொன்னார் என்று உனக்கே நினைவிருக்கும். "இந்த மனுஷன் என்னைச் சாமான் கணக்குல சேத்துட்டான்டி அஞ்சலை. வர்றவங்களுக்கு அலமாரியக் காட்டிட்டு அடுத்தாப்புல என்னைக் காட்டறான்" என்பாய்.

மழை பிடித்த நாட்களில்தான் அது தொடங்கியது. எல்லாக் கண்ணாடியும் உலர்ந்திருக்க, பன்னீர்ச் செம்பு மட்டும் வேர்த்தது. துடைத்தால் மறுநாளும் வேர்க்கும். தொட்டுப் பார்த்தால் சவுக்காரம் தடவினாற்போல வழுக்கும். முதலில் கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாய். ஓட்டைப் பிரித்து மாற்றச் சொன்னாய். பிறகு வேப்பிலையைப் போட்டுப் பார்த்தாய். பூச்சி வேலையோ என்ற சந்தேகம். இரண்டும் இல்லை. கடைசியில் சென்னையில் இப்படிப்பட்ட பொருள்களைப் பராமரிக்கிற ஒரு ரசாயனக்காரருக்கு எழுதினாய். யார் என்ன என்று கேட்காமல், மதித்துப் பதில் எழுதினார் அந்த மனிதர்.

கண்ணாடிக்கும் நோய் உண்டு என்று எழுதியிருந்தார். மணலை உருக்கும்போது சேர்க்கிற காரம், சோடா உப்பு மாதிரியானது, கூடிப்போய், சுண்ணாம்பு குறைந்துபோனால், அந்தக் கண்ணாடி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பல காலம் கழித்து ஈரக்காற்றில் தன் காரத்தைத் தானே வெளியே கக்கும். அதுதான் வேர்வை. காற்று திடீரென்று உலர்ந்தால் காரம் போன இடம் சுருங்கி விரிசல் விடும். தீர்க்க முடியாது, தள்ளிப்போடலாம். அழுத்தித் தேய்க்கக் கூடாது. சாம்பல், புளி, சீயக்காய் எதுவும் படக் கூடாது. சுத்தமான மழைத்தண்ணீரில் மெல்லக் கழுவி உடனே பழைய மல்லுத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். நோய்ப்பட்டதைத் தனியாக வைக்க வேண்டும். மூடிய அலமாரிக்குள் புழுங்கவிடவும் கூடாது, வெயிலில் காட்டவும் கூடாது.

"சுத்துப்பட்டு பூமியெல்லாம் சுண்ணாம்புக் கல்லு. காளவாய் போட்டுச் சுட்டு ஊர் ஊரா அனுப்பறோம். இங்க வந்து சேர்ந்த கண்ணாடிக்குச் சுண்ணாம்பு போதலியாம்" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த வாரமே அலமாரியின் பின்பலகையில் காற்றுக்குத் துளை போட்டாய். அதைப் பின்னால் குற்றமாகச் சொன்னார்கள்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா இடத்தையும் போலச் சங்கத்திலும் மேஜை, நாற்காலி, கடிகாரம், தராசு, அலமாரியில் உள்ள சாமான் அத்தனைக்கும் பொட்டு வைப்பது வழக்கம். யுத்த காலத்தில் சந்தனத்துக்கு எங்கே போவது? மஞ்சளைக் குழைத்து வைத்தார்கள். ஐயர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். "நீயே வெச்சுடுப்பா" என்றார் வக்கீல். நீ வைத்தாய்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், எல்லாப் பொட்டும் மஞ்சளாக இருக்க, பன்னீர்ச் செம்பிலும் ஒரு அத்தர்க் குப்பியிலும் மட்டும் சிவந்திருந்தது.

உனக்கு உடனே புரிந்துவிட்டது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். எந்தக் காரம் பட்டாலும் மஞ்சள் அப்படித்தான் ஆகும். வேர்க்கிற செம்பு சிவந்தது சரி. ஆனால் அந்தக் குப்பி இன்னும் வேர்க்கவே தொடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோயை மஞ்சள் காட்டிக்கொடுத்துவிட்டது. எது பிழைக்கும், எது சாகும் என்று ஒரு பொட்டு வைத்தே பிரித்துவிடலாம். சென்னைக்காரரே இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

நீ ஓடிப்போய் வக்கீலையும் சங்கத்து ஆட்களையும் கூட்டி வந்தாய். அவர்களும் மகிழ்வார்கள் என்று நினைத்தாய். ரசாயனம் படித்த அளவுக்கு நீ ஊரைப் படிக்கவில்லை, அண்ணே.

அவர்கள் பார்த்தது ரத்தம். நம் தெருப் பையன் கையால் வைத்த பொட்டு பூஜை முடிந்த மறுநாள் ரத்தமாகியிருக்கிறது. நீ மஞ்சளையும் காரத்தையும் பற்றிச் சொல்லச் சொல்ல, "வாயை மூடுடா" என்றார் ஒருவர். "இதுக்குத்தான் முதல்லேயே சொன்னேன், வெளி வேலையோட நிறுத்துங்கன்னு" என்றார் இன்னொருவர்.  மேடையில் அவ்வளவு பேசுகிற வக்கீல், அன்று கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டு நின்றாராம். நீதான் சொன்னாய்.

உன்னை நிறுத்திவிட்டார்கள். அதோடு விட்டார்களா? தீட்டுக் கழித்தார்கள். புண்ணியாகவாசனம் செய்து தண்ணீர் தெளித்தார்கள். அலமாரிச் சாமானையெல்லாம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார்கள். முற்றத்தில் வேட்டியை விரித்து, ஐப்பசி வெயிலில் சாயங்காலம்வரை காய வைத்தார்கள். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சென்னையிலிருந்து எழுதி வந்ததோ அதையெல்லாம் ஒரே நாளில் செய்து முடித்தார்கள். வீராசாமி பக்கத்தில் இருந்திருக்கிறார். வெயில் இறங்கும்போது செம்புக்குள்ளிருந்து சத்தம் கேட்டதாம், வெல்லப் பாகு ஆறும்போது கேட்குமே அந்த மாதிரி, சின்னதாக. உள்ளே எடுத்து வைக்கும்போது நீலம் போய்விட்டிருந்தது.

தங்கள் கையால் அதைக் கொன்றுவிட்டு உன் கையை அட்டையில் எழுதினார்கள்.

அடுத்த கோடையில் நீ போய்விட்டாய். உன்னைக் கொண்டுபோனது விஷ சுரம். அதையும் இவர்கள் தலையில் போட மாட்டேன். சுரம் தெருத் தெருவாக வந்தது. ஆனால் படுக்கையில் கிடந்தபோது "அந்தக் குப்பியையாவது தனியா எடுத்து வெக்கச் சொல்லு" என்று நீ சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது? உன்னைப் பார்க்க அங்கிருந்து யாராவது வந்தார்களா?

பிறப்பிலேயே குறை என்று நம்மைத்தானே சொல்கிறார்கள். பிறப்பிலேயே குறை இருந்தது அந்தச் செம்புக்கு. ஊதின அன்றைக்கே அதற்குள் அழிவு இருந்தது. அதைப் பட்டு விரித்து அலமாரியில் வைத்தார்கள். உன்னை வாசலோடு அனுப்பினார்கள்.

இனி நீ அறியாத செய்தி.

நான் இப்போது செந்துறைப் பக்கம், நம் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் நடத்துகிற லேபர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பக்கத்தில்தான் கீழ அரண்மனை. அங்கே ஆயுத பூஜைக்கு மறுநாள் கூடத்தைத் திறந்து ஜனங்களுக்குக் காட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட வேண்டும். எல்லாப் பள்ளிகளும் பாடி முடித்த பிறகு எங்கள் முறை. மற்றவர்கள் முற்றத்தில் நின்று பாடினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாசற்படிக்கு வெளியே இடம். நன்றாகத்தான் பாடினார்கள். கதவுக்கு இந்தப் பக்கமும் தாளம் ஒன்றுதானே.

பாட்டு முடிந்ததும் கீழ அரண்மனை அம்மா ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்தார். தாம்பாளத்தில் பன்னீர்ச் செம்பு. அதன் இணை, அண்ணே. நீலம் அப்படியே இருந்தது. வயிற்றில் ஒரு பொட்டு. செக்கச்செவேல் என்று.

அங்கே யார் இருந்தார் என்று நினைக்கிறாய்? நம் வக்கீல். மாலையும் கழுத்துமாக, முதல் நாற்காலியில்.

"பாருங்க வக்கீலய்யா. நேத்து வெச்சது வெறும் மஞ்சள்தான். காலையில பாத்தா குங்குமம். எங்க மாமியார் காலத்துலேருந்து இப்படித்தான் ஆவுது. வேற எந்தச் சாமானுக்கும் ஆவாது, இதுக்கு மட்டும்தான்."

"அம்பாள் ஏத்துக்கிட்டான்னு அர்த்தம்ங்க. சாந்நித்யம்" என்றார் வக்கீல். எழுந்து நின்று, அந்தச் சிவப்பை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

 இங்கே சிவந்தால் அம்பாள். நீ வைத்துச் சிவந்தால் தீட்டு. அதே மஞ்சள், அதே காரம், ஒரே உலையில் பிறந்த இரண்டு செம்பு. அதைப் பார்த்த கண்கூட ஒரே ஆளுடைய கண்.

"அம்மா, ஒரு சந்தேகங்க" என்றேன், வாசற்படிக்கு வெளியிலிருந்தே.

"யாரது?"

"லேபர் ஸ்கூல் டீச்சருங்க."

"கேளு."

"இந்தச் செம்பை யாரு யாரு தொடுவாங்க?"

"என்ன கேள்வி இது? என் கையத் தவிர இன்னொரு கை படாது. வேலக்காரியக்கூட விட மாட்டேன். பீரோ சாவி என் இடுப்புல."

"இதோட இணை அரியலூர்ல காட்சிசாலையில இருக்குதுங்க. அதுல வெச்ச மஞ்சளும் இப்படியேதான் செவந்துச்சு. வக்கீலய்யா தன் கண்ணால பாத்தாரு. அதுவும் அம்பாள்தானுங்களா?"

அந்த அம்மா வக்கீலைப் பார்த்தார். முற்றம் முழுக்க வக்கீலைப் பார்த்தது. வக்கீல் என் பிள்ளைகளைப் பார்த்தார். "குழந்தைங்களுக்கெல்லாம் பொரி குடுத்தாச்சா?" என்று கேட்டார்.



மறுவாரம் என்னைச் சங்கத்து ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதில் குறை இல்லை.

"நான் சாதி பாக்கறவன் இல்லம்மா. உனக்கே தெரியும். உங்க தெருவுக்கு வந்து எல்லாரோடயும் உக்காந்து காப்பி குடிச்சிருக்கேன்."

"குடிச்சீங்க. டம்ளரை நீங்களே கொண்டாந்திருந்தீங்க."

முகம் கறுத்தது. ஆனாலும் வக்கீல் அல்லவா, பேச்சை விடவில்லை. "உங்கண்ணன் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஊர் ஒத்துக்கலை, நான் என்ன செய்ய? சரி, போனது போகட்டும். உனக்கு அந்த அட்டைதானே உறுத்துது? எடுத்துடறேன். அந்தச் செம்பு இனிமே காட்சிக்கு லாயக்கில்ல. அதையும் எடுத்துக் குப்பையில போட்டுடறேன். செம்பும் இல்ல, அட்டையும் இல்ல. திருப்தியா?"

திருப்தியா என்று கேட்கிறார், அண்ணே.

"செம்பு இருக்கணும் சார். அட்டையை மாத்துங்க. சாம்பல் போட்டுத் தேய்ச்சு வெயில்ல காய வெச்சதால பழுதுபட்டதுன்னு எழுதுங்க."

"அது முடியாது. அப்படி எழுதினா சங்கத்துக்கு என்ன மரியாதை?"

"அப்ப எங்கண்ணனுக்கு?"

"செத்தவனுக்கு என்னம்மா மரியாதை? ரெண்டுல ஒண்ணு சொல்லு. ரெண்டும் போகணுமா, ரெண்டும் இருக்கணுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? போவட்டும்னு சொல்லிட்டு வா" என்றாள் அம்மா. "எம்புள்ள பேரு அங்க தொங்குது, போறவன் வர்றவன் எல்லாம் படிக்கறான். அந்தக் கண்ணாடிய வெச்சு நீ என்ன பண்ணப் போற? அதுல கஞ்சி ஊத்திக் குடிக்கப் போறியா?"

"அதைத் தூக்கிப் போட்டுட்டா அண்ணன் சொன்னது நெசம்னு காட்ட ஒண்ணும் இருக்காதும்மா. அட்டையைப் படிச்சவன் மறக்க மாட்டான். கண்ணாடியப் பாக்காதவன் நம்ப மாட்டான்."

"நெசம் யாருக்குடி வேணும்? அவன் பேரு வேணும் எனக்கு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. உன்னைப் பெற்றவள் அவள். அந்த எழுத்து ஒவ்வொரு நாளும் அங்கே இருப்பதை அவள் பொறுக்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? என்றாலும், இவர்கள் துடைத்தெறிகிறதில் கைதேர்ந்தவர்கள், அண்ணே. முதலில் உன்னைக் குற்றவாளி ஆக்கினார்கள். இப்போது நீ இருந்ததே இல்லை என்று ஆக்கப் பார்க்கிறார்கள். அந்தச் செம்பின் ஒவ்வொரு விரிசலும் அவர்கள் செய்ததற்குச் சாட்சி. விஷயம் தெரிந்த ஒருவர் எந்த ஊரிலிருந்தாவது வந்து பார்த்தால், இது கைபட்டு வந்ததா, வெயில் பட்டு வந்ததா என்று சொல்லிவிடுவார். அதுவரை அது இருக்க வேண்டும்.

நான் போய், "ரெண்டும் இருக்கட்டும் சார்" என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. "பிடிவாதம் உங்க குடும்பத்துக்கே ஒட்டின வியாதி" என்றார். "அத்தர்க் குப்பியையாவது தனியா எடுத்து வைங்க, அது இன்னும் கெடலை" என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். எடுத்து வைத்தாரா? போன சனிக்கிழமை பார்த்தபோது அதே தட்டில்தான் இருந்தது, கழுத்தில் வேர்வை பனித்திருந்தது.

அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசி நாளாகிறது. உனக்கு மறைக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் கீழ அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. முன்வாசல் வழியாக இல்லை; மாட்டுக் கொட்டகைப் பக்கம் வரச் சொல்லி. போனேன். அந்த அம்மா குடை பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். முற்றத்தில் பார்த்த மிடுக்கு இல்லை.

"நீ அன்னிக்குக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு. நேத்து பீரோவத் திறந்து பாத்தேன். அடியில ரெண்டு மூணு கீறல் மாதிரி தெரியுது. மேல தடவினா ஒண்ணும் தட்டுப்படலை. உள்ளேயே இருக்கு. வருஷா வருஷம் பாலால கழுவித்தான் வெக்கறேன். உங்கண்ணன் என்னமோ சொன்னானாமே, என்ன சொன்னான்?"

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றேன். போய் வக்கீலைக் கேளுங்கள் என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் நோய்ப்பட்ட செம்பு என்ன குற்றம் செய்தது? நீயாக இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கியிருப்பாய். நான் சொன்னேன். பால் வேண்டாம், மழைத்தண்ணீர் போதும், ஒற்றி எடுங்கள், பீரோவில் அடைக்காதீர்கள், வெயிலில் காட்டாதீர்கள், மஞ்சளை வைத்தால் சிவந்ததும் துடைத்துவிடுங்கள், எல்லாம்.

கேட்டுக்கொண்டு நின்றவர் மெல்லக் கேட்டார்: "அப்ப அது அம்பாள் இல்லியா?"

"காரம்ங்க. கண்ணாடியிலேருந்து கசியற உப்பு."

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மாடு ஒன்று தலையை உதறிற்று. அப்புறம் சொன்னார்: "நீ சொன்னபடியே செய்யறேன். ஆனா உப்புன்னு வெளில சொல்லாத. எங்க வூட்டுக்கு ஜனங்க வர்றதே அதுக்குத்தான்."

"நீங்க காட்சிசாலைக்கு வந்து, எங்க வீட்டுச் செம்பும் என் கையத் தவிர வேற கை படாமலே செவந்துச்சுன்னு வக்கீல் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எங்கண்ணன் பேரு அட்டையிலேருந்து போயிடும்."

"நான் எப்படிம்மா அங்கெல்லாம் வருவேன்?" என்றார். உண்மையாகவே அவருக்கு முடியாதுதான். வீட்டுப் படி தாண்ட அவர் யார் யாரையோ கேட்க வேண்டும். அவர்மேல் இரக்கம்கூட வந்தது. ஆனால் உன் வழியால் ஒரு செம்பு பிழைக்கப்போகிறது, உன் பேரைச் சொல்லாமல். இன்னொரு செம்பு செத்துக் கிடக்கிறது, உன் பேரைச் சுமந்துகொண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது என் இரக்கம் நெடுநேரம் நிற்கவில்லை.

வெளியில் சொல்லாதே என்றார். சரி என்று நான் சொல்லவில்லை, அண்ணே. அதனால் இதோ சொல்லிவிட்டேன்.

நாடு சுதந்திரம் அடையப் போகிறதாம். வக்கீல்தான் இப்போதும் கூட்டங்களில் பேசுகிறார். தொண்டை கட்டப் பேசுகிறார். கைதட்டுகிறார்கள். நானும் ஒருநாள் நின்று கேட்டேன், நல்ல பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டே நின்றபோது எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. வெள்ளைக்காரன் போன பிறகு அந்த அட்டையை யார் எடுப்பார்? அவனா அதை எழுதினான்?

என் வேலை போகலாம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலதிகாரியான லேபர் இன்ஸ்பெக்டருக்குப் புகார் போயிருக்கிறதாகக் கேள்வி. அரண்மனையில் வாய் கொடுத்தேன் என்று. போனால் போகட்டும் என்று வீரம் பேச மாட்டேன். அம்மாவும் நானும் சாப்பிடுவது அதில்தான். ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

போன சனிக்கிழமையும் போனேன். அலமாரி முன்னால் நின்று அட்டையை வாய்விட்டுப் படித்தேன். பிறகு இது பொய் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். பின்னறையில் என்னையும் வீராசாமியையும் தவிர யாருமில்லை. முன்னறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒருவர், பெரம்பலூர்ப் பக்கத்துக்காரராம், எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அந்தத் துரைக்கண்ணு? உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்கண்ணன்ங்க."

அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். அட்டையைப் படித்தார். குனிந்து, கண்ணாடிக்குள்ளே ஓடுகிற விரிசல்களை வெகுநேரம் பார்த்தார். "திரும்பச் சொல்லுங்க, முதல்லேருந்து" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன். அந்த அட்டை இருக்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன், அண்ணே. ஒருவர் வந்தாலும் சொல்வேன், யாரும் வராவிட்டால் அலமாரியைப் பார்த்துச் சொல்வேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன். அந்தச் செம்பை யாரும் தூக்கி எறிய விடமாட்டேன். அது சத்தியம்.

துரைக்கண்ணுவின் கூடப்பிறந்தவள்,
அஞ்சலை